திறந்தநிலைக் கல்வி மாநாடு: நேரில் செல்வதா, இணையவழியில் கலந்துகொள்வதா?

கேள்வி: புள்ளியியல் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். தென்மாவட்டத்தில் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் பதினொரு ஆண்டுகளாகப் புள்ளியியல் கற்பித்து வருகிறேன். திறந்தநிலைக் கல்வியையும் இணையவழிக் கற்றலையும் பற்றி வரும் செப்டம்பரில் ஐரோப்பிய நகரம் ஒன்றில் மூன்று நாட்கள் நடைபெறவுள்ள மாநாட்டுக்கு நான் அனுப்பிய ஆய்வுச் சுருக்கம் ஏற்கப்பட்டிருக்கிறது. பதினைந்து நிமிட உரை, அதன்பின் ஐந்து நிமிடம் கேள்விகளுக்கு என்று கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார்கள். நேரிலும் வரலாம், இணையவழியிலும் உரையாற்றலாம். எதுவென்று இம்மாத இறுதிக்குள் சொல்ல வேண்டும். வெளிநாட்டு மாநாடு எதற்கும் நான் இதுவரை சென்றதில்லை. எங்கள் துறையில் சென்று வந்தவர் யாருமில்லை என்பதால்தான் இங்கே கேட்கிறேன்.

என் பணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் படிப்பைத் தமிழ்வழியில் முடித்தவர்கள். முதலாண்டில் ஆங்கிலப் பாடநூலைக் கையில் கொடுத்ததும் அவர்கள் திணறிப்போகிறார்கள். ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் பாடம் நடத்தும் என்பிடெல் தளத்தின் காணொளிகளைப் பார்க்கச் சொன்னால், பார்த்துவிட்டு வந்து, "வேகமாகப் போகிறது மேடம்" என்கிறார்கள். ஆகவே கூட்டுச் சராசரியில் தொடங்கிக் கருதுகோள் சோதனை வரைக்கும், ஒவ்வொன்றும் ஆறு முதல் எட்டு நிமிடம் நீளமுள்ள 22 ஒலிப்பாடங்களைத் தமிழில் பதிவு செய்தேன். ஒவ்வொன்றுடனும் இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று உண்டு. கணக்குகள் சிலவற்றை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் திறந்த பாடத் தளத்திலிருந்தும், படங்கள் சிலவற்றை விக்கிப்பீடியாவிலிருந்தும் எடுத்துத் தமிழாக்கினேன். நிகழ்தகவைப் பற்றி டெட் (TED) நிறுவனம் இணையத்தில் வெளியிட்ட உரை ஒன்றை என் குரலிலேயே தமிழில் பேசிச் சேர்த்தேன். எல்லாம் இலவசமாகக் கிடைத்தவைதாம்.

ஒரு நாள் மாலை ஊருக்குப் போகும் பேருந்தில் என் மாணவி ஒருத்தி முன்னிருக்கையில் அமர்ந்திருந்தாள். காதுக்கருவி இல்லை. கைபேசியைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மறு காதைத் துப்பட்டாவால் பொத்தியபடி எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். வண்டி ஒரு நிறுத்தத்தில் நின்று இரைச்சல் அடங்கியபோதுதான், அது திட்ட விலக்கத்தை, அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் அளவை, பற்றிய என் ஒலிப்பாடம் என்று தெரிந்தது. அன்றிரவே ஆய்வுச் சுருக்கத்தை எழுதி முடித்தேன்.

பதிவுக் கட்டணம், விமானச் சீட்டு, விசா, நான்கு இரவுத் தங்கல் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாயைத் தொடுகிறது. கல்லூரி ஓ.டி. (வெளியே சென்றாலும் பணிநாளாகக் கொள்ளும் அனுமதி) தரச் சம்மதித்திருக்கிறது, பணம் தர வழியில்லை. இணையவழியில் கலந்துகொள்வதற்கான கட்டணம் இதில் மிகச் சிறிய பங்குதான். என் சேமிப்பிலிருந்து இவ்வளவு பணத்தை எடுத்துச் செலவிடுவது தகுமா? இத்தகைய மாநாடுகளில் நேரில் கலந்துகொண்டவர்களுக்கு, இணையத்தில் கிடைக்காத எது கிடைத்தது? பதினைந்து நிமிடத்தில் எதைப் பேச வேண்டும் என்பதையும் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற தொலைநிலைக் கல்வி ஒருங்கிணைப்பாளர்

அம்மா, வாழ்த்துகள். கற்பவர் எங்கே, எப்படி அமர்ந்து கேட்கிறார் என்பதைப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்கியிருக்கிறீர்கள். தொலைநிலைக் கல்வியில் இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், இந்தத் துறையில் அதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்று நினைக்கிறேன்.

இம்மாநாடுகளின் வேர் அஞ்சல்வழிக் கல்வியில் இருக்கிறது. 1938-ல் கனடாவின் விக்டோரியா நகரில் அஞ்சல்வழிக் கல்வியாளர்கள் கூடி ஒரு பன்னாட்டு மன்றத்தை அமைத்தார்கள். அதுவே பின்னர் தொலைநிலைக் கல்விக்கான பன்னாட்டு மன்றமாகப் பெயர் மாறி, இன்று ஆஸ்லோவைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. காமன்வெல்த் நாடுகளின் தலைவர்கள் 1987-ல் வான்கூவரில் கூடியபோது, காமன்வெல்த் ஆஃப் லேர்னிங் என்ற அமைப்பை ஏற்படுத்த முடிவெடுத்தார்கள். ஆசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களின் சங்கம் தோன்றியதும் அதே ஆண்டில்தான். காமன்வெல்த் ஆஃப் லேர்னிங் நடத்தும் மாநாடு 1999-ல் புருனேயில் தொடங்கி, பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாறி ஊர் நடந்துவருகிறது: 2019-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ, 2022-ல் கனடாவின் கால்கரி, 2025-ல் போட்ஸ்வானாவின் கபரோனி.

அந்த வரிசையின் ஆறாவது மாநாடு 2010 நவம்பரில் கொச்சியில், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து நடத்தப்பட்டது. நான் எர்ணாகுளத்துக்கு ரயிலில் போனேன். முதல் இரண்டு நாட்கள் ஓர் அமர்வையும் விடாமல் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தை நிரப்பினேன். உண்மையைச் சொன்னால், திரும்பி வந்தபின் அந்த நோட்டை நான் ஒருமுறைகூடப் பிரிக்கவில்லை. எங்கள் மையத்தில் மாற்றத்தைக் கொண்டுவந்தது மதிய உணவு மேசையில் நடந்த பேச்சுதான். கரீபியன் தீவு ஒன்றிலிருந்து வந்திருந்த ஆசிரியை ஒருவர் என் அருகில் அமர்ந்திருந்தார். "மாணவர்களுக்கு ஒப்படைப்புகளைத் திருத்தித் திருப்பி அனுப்ப எத்தனை நாளாகிறது?" என்று கேட்டார். எங்கள் மையத்தில் அப்போது, தேர்வு முடிந்தபிறகு திருத்திய தாள் வீடு போய்ச் சேர்வது வழக்கமாகிவிட்டிருந்தது. அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவர் தங்கள் வழக்கத்தைச் சொன்னார்: ஒப்படைப்புக்குரிய கடைசி நாளுக்கு மறுநாளே, ஒரு பக்க மாதிரி விடையை எல்லோருக்கும் அனுப்பிவிடுவார்களாம், மதிப்பெண் பிறகு வரும். நான் ஊர் திரும்பியதும் அடுத்த பருவத்திலேயே அதைத் தொடங்கினோம். பணம் பெரிதாகச் செலவாகவில்லை. நேரில் நடக்கும் தொடர்பு வகுப்புக்கு வந்த மாணவர்கள் தங்கள் தவற்றைத் தாங்களே கண்டுபிடித்துக் கேள்வியோடு வந்தார்கள்.

அந்தக் கேள்வியை எந்த மேடையிலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். என் அனுபவத்தில், பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போதுதான் இத்தகைய கேள்விகள் பிறக்கின்றன. ஆகவே, பணத்துக்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை என்றால் ஒருமுறை நேரில் போய் வாருங்கள் என்பதே என் கருத்து.

நம் ஊர்ப் பணி அங்கே எடுபடுமா என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கலாம். வாழ்நாள் முழுவதும் கற்கும் உழவர்கள் என்ற திட்டத்தை காமன்வெல்த் ஆஃப் லேர்னிங் 2004-ல் தொடங்கியது தமிழ்நாட்டில்தான். தேனி மாவட்டத்துப் பெண்கள் ஆடு வளர்ப்புப் பாடங்களைக் கைபேசியில் குரல் செய்தியாகக் கேட்டுக் கற்றார்கள். அந்தத் திட்டம் பின்னர் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் சென்றது. குரல்வழிப் பாடம் நம் மண்ணில் புதிதன்று, அதைக் கேட்க உலகில் ஆளில்லாமலும் இல்லை. உங்கள் உரையில் தேனியை ஒரு வரியாவது குறிப்பிடுங்கள். நீங்கள் எந்தத் தொடர்ச்சியில் நிற்கிறீர்கள் என்று கேட்பவருக்குப் புரியும்.

மறுமொழி 2: கல்லூரி நூலகர்

நேரிலா இணையத்திலா என்பதற்கு முன், உங்கள் கேள்வியில் உள்ள ஒரு சொல்லிடம் நான் நிற்க வேண்டியிருக்கிறது. "எல்லாம் இலவசமாகக் கிடைத்தவைதாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் போகும் அரங்கில் உங்களிடம் கேட்கப்படக்கூடிய முதல் கேள்வி, "உங்கள் பாடங்களை நான் எடுத்து என் மொழியில் மாற்றிக்கொள்ளலாமா?" என்பதாகவே இருக்கும். இப்போதைய நிலையில் அதற்கு உங்களால் நேராகப் பதில் சொல்ல முடியாது என்று அஞ்சுகிறேன்.

நம் மொழியில் இதில் ஒரு குழப்பம் உண்டு. திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்னும்போது, முன்தகுதி, வயது, இடம் ஆகிய தடைகளைத் தளர்த்திச் சேர்த்துக்கொள்ளும் நிறுவனத்தைக் குறிக்கிறோம். 1969-ல் பிரிட்டனில் தொடங்கப்பட்டதும், 2002-ல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டதும் அந்தப் பொருளில்தான். திறந்த கல்வி வளம் என்னும்போது அதே சொல் வேறொன்றைக் குறிக்கிறது. எம்.ஐ.டி. தன் பாடங்களை இணையத்தில் வெளியிடப்போவதாக 2001-ல் அறிவித்ததை அடுத்து, 2002-ல் யுனெஸ்கோ பாரிசில் கூட்டிய அரங்கில் அந்தப் பெயர் ஏற்கப்பட்டது. யாரும் செலவின்றிப் பெறவும், மீண்டும் பயன்படுத்தவும், தன் தேவைக்கேற்ப மாற்றவும், பிறருக்குப் பகிரவும் அனுமதிக்கும் உரிமத்தோடு வெளிவந்த பாடப்பொருள், அல்லது பதிப்புரிமை நீங்கிப் பொதுவுடைமையான பாடப்பொருள் என்பது, 2019 நவம்பரில் யுனெஸ்கோ பொது மாநாடு ஏற்ற பரிந்துரையின் விளக்கம். தமிழ் விக்கிப்பீடியர்கள் கையாளும் "கட்டற்ற" என்ற சொல் இந்த இரண்டாம் பொருளுக்கு மிக நெருக்கமானது என்பது என் எண்ணம். காசில்லாமல் பார்க்கலாம் என்பது ஒன்று; எடுத்து மாற்றிப் பிறருக்குக் கொடுக்கலாம் என்பது இன்னொன்று. கோயில் குளத்துத் தண்ணீரைப் பார்ப்பதற்கும், குடத்தில் மொண்டு வயலுக்குக் கொண்டுபோவதற்கும் உள்ள வேறுபாடு இது.

உங்கள் மூன்று மூலங்களும் மூன்று விதமானவை. எம்.ஐ.டி.யின் பாடங்கள், பெயரைச் சுட்ட வேண்டும், வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கின்றன. நீங்கள் தமிழாக்கிய கணக்குகள் அந்த உரிமத்தில்தான் வெளிவர வேண்டும். விக்கிப்பீடியாப் படங்களில் பல, பெயரைச் சுட்டி அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்ற உரிமத்தில் உள்ளவை. அதில் வணிகத் தடை கிடையாது. படத்தில் உள்ள ஆங்கிலப் பெயர்களை அழித்துத் தமிழில் எழுதியிருந்தால் அது தழுவலாகிவிடும், அந்தப் படமும் தன் பழைய உரிமத்திலேயே போக வேண்டும். இரண்டுமே "அதே உரிமத்தில்" என்று கேட்பதால், இவற்றை ஒன்றாகக் கலந்து ஒரே ஆக்கமாக்கி முதல் பக்கத்தில் ஒரே உரிமத்தை அச்சிட இயலாது. ஒவ்வொன்றின் கீழும் அதனதன் உரிமத்தைத் தனியே எழுதித் தொகுப்பாக வெளியிடலாம். இயல்நிலைப் பரவலின் மணி வடிவ வளைவு போன்ற எளிய படமென்றால் நீங்களே வரைந்துவிடுவது இன்னும் எளிது.

டெட் உரைதான் சிக்கலானது. அவை வணிகத் தடையோடு, மாற்றக் கூடாது என்ற நிபந்தனையும் கொண்டவை. உங்கள் குரலில் தமிழாக்கிய வடிவத்தைப் பொதுவில் பகிர அந்த உரிமம் இடம் தராது. அந்த உரையில் உள்ள கருத்தை உங்கள் சொந்தச் சொற்களில், சொந்த எடுத்துக்காட்டோடு விளக்குவதில் தடையில்லை. பதிப்புரிமை சொல்லிய விதத்தைத்தான் காக்கிறது, கருத்தை அன்று. உரையையே மாணவர்கள் பார்க்க வேண்டுமென்றால், டெட் நிறுவனத்தின் தன்னார்வ மொழிபெயர்ப்பாளர்கள் வழியாகத் தமிழ் எழுத்துவரிகளைச் சேர்க்க முறையான பாதை இருக்கிறது.

இவற்றைக் குறை கூறுவதற்காக எழுதவில்லை. நல்ல நோக்கத்தோடு உழைத்து உருவாக்கிய பாடங்கள் உரிமக் குறிப்பு இல்லாத ஒரே காரணத்தால் அடுத்த கல்லூரிக்குப் போகாமல் நின்றுவிடுவதை நூலகத்தில் இருந்து பலமுறை பார்த்திருக்கிறேன், அதனால்தான் மனம் பொறுக்காமல் இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன். உங்கள் குரலும் விளக்கமும் உங்களுடையவை. அவற்றுக்கு என்ன உரிமம் என்று முடிவு செய்ய வேண்டியவர் நீங்களே. முடிவு செய்தபின் ஒலிக்கோப்புகளையும், அவற்றின் எழுத்து வடிவத்தையும், மாநாட்டு உரையின்போது திரையில் காட்டும் வில்லைகளையும் செனோடோ போன்ற களஞ்சியத்தில் ஏற்றுங்கள். ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வு நிறுவனமான செர்ன் 2013-ல் தொடங்கிய அந்தத் தளம் கட்டணம் வாங்குவதில்லை. பிறர் மேற்கோள் காட்ட உதவும் நிலையான அடையாள எண்ணும் கிடைக்கும். வாட்ஸ்அப் இணைப்பை யாரும் மேற்கோள் காட்ட முடியாது.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்: பணம் கட்டுமுன் அந்த மாநாட்டின் முந்தைய ஆண்டுகளின் நிகழ்ச்சி நிரலைத் தேடிப் பாருங்கள். செவிலியம் முதல் உலோகவியல் வரை எல்லாத் துறைக்கும் ஒரே நாளில் மாநாடு, சுருக்கம் அனுப்பிய மறுநாளே ஏற்பு, ஆய்விதழ்த் தரவுத்தளமான ஸ்கோபஸில் வெளியீடு உறுதி என்றால், அது பணம் பறிக்கும் போலி மாநாடாக இருக்கலாம், விலகிவிடுங்கள்.

மறுமொழி 3: இணையவழிக் கல்வி ஆய்வாளர்

மூத்தவர் சொன்ன உணவு மேசைக் கதையை மதிக்கிறேன். ஆயினும் என் கருத்து மாறுபடுகிறது. எளிதில் வர முடியாதவர்களுக்குக் கல்வியைக் கொண்டு சேர்ப்பதைப் பற்றிப் பேசும் மாநாட்டில், வர முடிந்தவர்கள் மட்டுமே மேசையில் இடம் பெறுகிறார்கள் என்ற உறுத்தல் அந்தத் துறைக்குள்ளேயே நெடுநாளாக உண்டு. கெய்ரோவில் பணிபுரியும் கல்வியாளர் மஹா பாலியும், ரெபெக்கா ஹோக் என்பவரும் 2015-ல் தொடங்கிய வர்ச்சுவலி கனெக்டிங் என்ற முயற்சி அதிலிருந்து பிறந்தது. மாநாட்டு இடைவேளையில் சில பேச்சாளர்களை ஒரு கணினி முன் அமர வைத்து, வர இயலாதவர்களோடு பேச வைத்தார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்களும், விசா கிடைக்காதவர்களும், பணமில்லாதவர்களும் அந்தத் தாழ்வாரப் பேச்சில் பங்கு பெற்றார்கள். 2020 ஏப்ரலில் லண்டனில் நடைபெறவிருந்த, திறந்த கல்வி வளங்களைப் பற்றிய ஓஇஆர்20 மாநாடு தொற்றுக் காரணமாக முழுமையாக இணையத்துக்கு மாறியபோது, நேரில் ஒருநாளும் போயிருக்க முடியாதவர்களுக்கு அதன் கதவு திறந்தது.

ஆகவே இணையவழியை இரண்டாந்தரம் என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டாம். ஆனால் அமைப்பாளர்களுக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்: இணையவழிப் பேச்சாளர் நேரலையில் பேசி, அரங்கில் இருப்பவர்களின் கேள்விக்கு அங்கேயே விடை சொல்வாரா, அல்லது பதிவு செய்த காணொளியை ஓட்டிவிட்டு அடுத்தவருக்குப் போய்விடுவார்களா? இரண்டாவது விடை வந்தால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன்.

இணையத்தில் கலந்துகொள்பவர்கள் ஏமாற்றமடைவதற்குப் பெரும்பாலும் காரணம், அன்றும் வகுப்பெடுத்துக்கொண்டு, வீட்டு வேலையையும் பார்த்துக்கொண்டு, ஒரு காதால் கேட்பதுதான். நேரில் போனால் எடுத்திருக்கக்கூடிய அதே ஓ.டி.யை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அமராதீர்கள். மாநாடு நடக்கும் ஊரின் நேரத்தையும் பாருங்கள்: கால்கரியில் கோடைக்காலத்தில் காலை 9 மணி என்றால் நமக்கு இரவு 8.30, எடின்பரோவில் அதே 9 மணி நமக்குப் பிற்பகல் 1.30. உங்களுக்கு ஐரோப்பா என்பதால் பகலிலும் முன்னிரவிலும் முடிந்துவிடும், அது பெரும் வசதி. மின்தடைக்கு மடிக்கணினியும், இணையம் அறுந்தால் கைபேசியும் கைவசம் இருக்கட்டும்.

உரையில் எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்ற எண்ணிக்கையை முன்னிறுத்த வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். 2011-ல் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் ஏறத்தாழ 1,60,000 பேர் சேர்ந்தார்கள், முடித்தவர்கள் ஏறத்தாழ 23,000 பேர். அதிலிருந்து இந்தத் துறை சேர்க்கை எண்ணிக்கையை ஐயத்தோடுதான் பார்க்கிறது. எந்தப் பாடத்தை மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள், எந்த நிமிடத்தில் நிறுத்தினார்கள், அதை வைத்து நீங்கள் எதைத் திருத்தினீர்கள் என்று சொல்லுங்கள்.

மறுமொழி 4: புள்ளியியல் ஆசிரியை

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. பன்னிரண்டு நாட்கள் கழித்து எழுதுகிறேன். அதற்குக் காரணம் நூலகர் ஐயாவின் மறுமொழிதான்.

முதல் வேலையாக 22 குறிப்புகளையும் எடுத்து வைத்து, எந்தக் கணக்கு, எந்தப் படம், எங்கிருந்து வந்தது என்று எழுதத் தொடங்கினேன். ஏழு இடங்களில் எனக்கே நினைவில்லை. உரிமம் இன்னதென்று உறுதியாகாத அந்த ஏழையும் நீக்கிவிட்டு, எங்கள் ஊர்ச் சந்தையில் ஒரு வாரத்துத் தக்காளி விலையைக் குறித்துக்கொண்டு வந்து புதிய கணக்குகளை அமைத்தேன். இயல்நிலைப் பரவலின் வளைவை நானே வரைந்தேன். அட்டவணையில் வளைவின் உயரத்தைப் பார்த்து, நடுவில் 0.3989, ஒரு திட்ட விலக்கத்தில் 0.2420, இரண்டில் 0.0540, மூன்றில் 0.0044 என்று வரைபடத் தாளில் புள்ளிகளை வைத்து இணைத்தபோது, இத்தனை ஆண்டுகள் கரும்பலகையில் இந்த வளைவை எவ்வளவு தட்டையாகப் போட்டிருக்கிறேன் என்பது தெரிந்தது. அந்தத் தாளையே படமெடுத்துச் சேர்த்துவிட்டேன். டெட் உரையின் தமிழ் வடிவத்தை எடுத்துவிட்டேன். ஆகவே இப்போது 21 பாடங்கள். எம்.ஐ.டி. கணக்குகள் ஒவ்வொன்றின் கீழும் அதன் உரிமம் தனியே இருக்கிறது. என் குரலுக்கும் விளக்கத்துக்கும், பெயரைச் சுட்டினால் போதும் என்ற உரிமத்தைத் தேர்ந்தெடுத்தேன். யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளட்டும்.

அமைப்பாளர்கள் பதில் அனுப்பினார்கள். இணையவழிப் பேச்சாளர்களும் நேரலையில்தான் பேசுவார்களாம், கேள்விகளும் அங்கேயே உண்டு. பயிலரங்குகள் மட்டும் நேரில் வருபவர்களுக்கு. முந்தைய ஆண்டுகளின் நிகழ்ச்சி நிரலையும் பார்த்தேன், ஐயப்பட எதுவும் இல்லை. இவ்வாண்டு இணையவழியில் கலந்துகொள்வதென்று முடிவு செய்திருக்கிறேன். ஆசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களின் சங்கம் ஆண்டுதோறும் மாநாடு நடத்துவதால், அது அருகில் உள்ள நாடொன்றில் நடக்கும் ஆண்டில் நேரில் செல்வதற்காக இப்போதிருந்தே சேமிக்கலாம் என்று எண்ணுகிறேன்.

மூத்தவர் சொன்ன உணவு மேசை மட்டும் மனத்தை விட்டு அகலவில்லை. ஆகவே நிகழ்ச்சி நிரலில் இருந்து, தாய்மொழியில் கணிதம் கற்பிப்பதைப் பற்றிப் பேசவிருக்கும் மூவரைத் தேர்ந்தெடுத்து, மாநாட்டு நாட்களில் இருபது நிமிடம் தனியே பேச இயலுமா என்று கடிதம் எழுதினேன். இருவர் சம்மதித்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஸ்வாஹிலி மொழியில் புள்ளியியல் பாடங்கள் தயாரிப்பவர். திட்ட விலக்கத்துக்குத் தமிழில் என்ன சொல்கிறீர்கள், அந்தச் சொல்லைக் கேட்டவுடன் மாணவர்களுக்கு என்ன தோன்றுகிறது என்று பதில் கடிதத்திலேயே கேட்டுவிட்டார். மறுநாள் வகுப்பில் அதே கேள்வியை மாணவர்களிடம் கேட்டேன். "திட்டமிட்டு விலகிப் போவது" என்று ஒரு பையன் சொன்னான். இத்தனை ஆண்டுகள் நான் இதைக் கேட்டதே இல்லை. அந்த ஒலிப்பாடத்தின் முதல் நிமிடத்தை மீண்டும் பதிவு செய்யப் போகிறேன்.

மறுமொழி 5: ஓய்வுபெற்ற தொலைநிலைக் கல்வி ஒருங்கிணைப்பாளர்

அம்மா, நேரில் போகச் சொன்னவன் நான். உங்கள் முடிவைப் படித்தபின் அதற்கு மேல் வற்புறுத்த எனக்கு எதுவுமில்லை; கொச்சி வரை போய் எனக்குக் கிடைத்ததைப் போன்ற ஒரு கேள்வி, நீங்கள் புறப்படாமலேயே உங்களுக்குக் கிடைத்துவிட்டது.

உரையைப் பற்றி ஒன்று சொல்ல விரும்புகிறேன். முன்னுரை, நன்றி, கல்லூரி அறிமுகம் எதுவும் இல்லாமல், திட்ட விலக்கப் பாடத்தின் ஒலியை முதலில் ஓடவிடுங்கள். தமிழிலேயே ஓடட்டும், ஆங்கில வரிகள் அப்போது திரையில் வேண்டாம். புரியாத மொழியில் ஒரு கணிதப் பாடத்தைக் கேட்டு உட்கார்ந்திருப்பது எப்படியிருக்கும் என்பதை அரங்கில் இருப்பவர்கள் சிறிது நேரம் உணரட்டும். உங்கள் மாணவர்கள் முதலாண்டில் ஆங்கிலத்தில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள். அதன் பிறகு பேருந்தில் இருந்த அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லுங்கள். ஒலி நாற்பது விநாடி போதும், ஐம்பதைத் தாண்ட வேண்டாம். ஒத்திகை பார்க்கும்போது கடிகாரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.